மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம்: பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன செய்வது?

கேள்வி:

எனக்கு 31 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மாதம் 14,000 ரூபாய் வரும். கணவர் ஊர் மதுரைப் பக்கம், சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கோயிலில் கல்யாணம் நடந்தது, ரிஜிஸ்டரும் செய்திருக்கிறோம். பையனுக்கு 7 வயது, பாப்பாவுக்கு 4 வயது. தினமும் சண்டை, இரண்டு முறை கை நீட்டினார். போன வருடம் மே மாதம் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பையனை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன், முழு வருடமும் இங்கேதான் படித்தான்.

இந்த ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும், "பத்து நாள் அப்பத்தாவோடு இருந்துவிட்டு வரட்டும்" என்று அவனைக் கூட்டிப் போனார். அப்புறம் அனுப்பவே இல்லை. ஜூனில் என் தாய்மாமா வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, பையன் அப்பாவிடம், பாப்பா என்னிடம் என்று நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினார்கள். அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். நோட்டரியும் சீல் வைத்தார். இப்போது பையன் அங்கே இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். போனில், "அம்மா, நீ என்னை விட்டுட்டுப் போயிட்டியாமே" என்று கேட்கிறான். ஸ்டேஷனில், "கோர்ட்டுக்குப் போம்மா" என்றார்கள். கணவரோ, "விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடு, நகையைக் கேட்காதே, பையனை அனுப்புகிறேன்" என்கிறார். பாப்பாவுக்கு 5 வயது முடிந்தால் அவளையும் சட்டப்படி வாங்கிவிடுவேன் என்று மிரட்டுகிறார். என் அண்ணன், ஸ்கூல் விடும் நேரத்துக்கு வண்டி எடுத்துப் போய்ப் பையனைத் தூக்கி வந்துவிடலாம் என்கிறான். இந்தச் சம்பளத்தில் இருக்கிற எனக்குக் கோர்ட்டில் பிள்ளையைத் தருவார்களா? அந்தப் பத்திரம் செல்லுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பத்திரத்தைப் பேசி முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் பயத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

அந்தப் பத்திரம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நூறு ரூபாய் முத்திரைத் தாளையும் நோட்டரி சீலையும் பார்த்ததும் கோர்ட் உத்தரவு கைக்கு வந்துவிட்ட மாதிரி நம் ஊரில் எல்லோருக்கும் தோன்றும். நோட்டரி அங்கே உறுதி செய்வது, கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதை மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது சரியா, குழந்தைக்கு நல்லதா என்று அவர் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. கடன், வாடகை, நிலம் போன்றவற்றில் இரண்டு பேர் மனம் ஒத்து எழுதிக்கொண்டால் அதற்கு மதிப்பு உண்டு. குழந்தை விஷயத்தில் அப்பாவும் அம்மாவும் என்ன எழுதிக்கொண்டாலும், அது குழந்தைக்கு நல்லதா என்று கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் எப்போதும் இருக்கும். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். குழந்தையை யாரிடம் விடுவது என்ற உத்தரவு, பெற்றோர் சம்மதித்து வாங்கியதாகவே இருந்தாலும், அன்றைய சூழ்நிலைக்கான தற்காலிக ஏற்பாடுதான். சூழ்நிலை மாறினால் உத்தரவும் மாறலாம். கோர்ட் போட்ட உத்தரவுக்கே அதுதான் நிலை என்றால், மாமா வீட்டுத் திண்ணையில் எழுதிய பத்திரத்துக்கு என்ன நிலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கணவரின் வக்கீல் முதல் வேலையாக அதைத்தான் தாக்கல் செய்வார். "அவரே சம்மதித்துக் கொடுத்த பிள்ளை" என்பார். அதனால் உங்கள் மனுவிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். யார் யார் உட்கார்ந்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள், அதற்கு முன்பே பையன் அங்கேதான் இருந்தான், கையெழுத்துப் போட்டால்தான் போனில் பேச விடுவோம் என்றார்களா என்பதையெல்லாம் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். ஜூனில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஜூன் வரை பேசாமல் இருந்தால், "ஒரு வருடமாக என்னம்மா செய்தீர்கள்?" என்று நீதிபதி கேட்பார். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் இருக்காது. பத்திரத்தைவிட உங்களுக்கு எதிரி, கடந்துபோகும் மாதங்கள்தான். பையன் அந்த ஊர்ப் பள்ளியில், அந்தத் தெருப் பிள்ளைகளோடு பழகப் பழக, "நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் கலைக்க வேண்டும்?" என்ற வாதம் பலப்படும்.

'ஆண் பிள்ளை அப்பாவுக்கு, பெண் பிள்ளை அம்மாவுக்கு' என்று பெரியவர்கள் பிரித்தது பற்றி ஒரு வார்த்தை. மேற்கிலும் தெற்கிலும் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. பேச வந்தவர்களுக்கு இதில் ஒரு சமாதானம், இரண்டு பக்கமும் வெறுங்கையோடு போகவில்லை என்று. ஆனால் எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. உடன்பிறந்தவர்களைத் தக்க காரணம் இல்லாமல் பிரிக்கக்கூடாது என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான போக்கு. அண்ணனும் தங்கையும் இந்த ஏப்ரல் வரை ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை என்றால் அதை மனுவில் அழுத்தமாகச் சொல்லுங்கள். இந்தப் பத்திரத்தின் பெரிய ஓட்டையே அதுதான். பாப்பாவைப் பற்றி ஒரு வரி, பையனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எப்போது பார்ப்பார்கள் என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

அடுத்து உங்கள் அண்ணன் சொல்லும் வண்டி யோசனை. வேண்டவே வேண்டாம். தங்கைக்காகத் துடிக்கிறார், புரிகிறது. ஆனால் பள்ளி வாசலில் ஏழு வயதுப் பையனை இரண்டு பக்கமும் இழுப்பதை அந்தத் தெருவே பார்க்கும், செல்போனில் படமும் எடுக்கும். அந்த வீடியோ நாளைக்கு உங்களுக்கு எதிரான ஆவணம். இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956-ன் 6-வது பிரிவின்படி அப்பா இயற்கைப் பாதுகாவலர். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் அம்மாவின் நிலையையும் உயர்த்திவிட்டது. அப்பா உயிரோடு இருந்தாலும் குழந்தையின் பொறுப்பை அவர் கவனிக்காத நிலையில் அம்மாவும் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம். ஆக, இருவருக்கும் உரிமை இருக்கிறது, இருவர் கையிலும் உத்தரவு இல்லை. அப்படி இருக்கும்போது தூக்கி வருகிறவர்தான் நீதிபதியின் கண்ணில் முரடராகத் தெரிவார். விடுமுறைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போய்த் திருப்பி அனுப்பாததும் ஒரு வகையில் தூக்கிப் போனதுதான். இன்றைக்கு அந்தத் தப்பு அவர் கணக்கில் இருக்கிறது. அதை அங்கேயே இருக்க விடுங்கள்.

போலீஸ் உங்களைக் கோர்ட்டுக்குப் போகச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாதபோது, பெற்ற அப்பாவிடம் இருக்கும் பிள்ளையைக் கடத்தல் என்று வழக்குப் போடுவது பொதுவாக நிற்காது. ஆனாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்திருந்தால் திரும்பப் போய் எழுதிக் கொடுங்கள். இந்தத் தேதியிலேயே நீங்கள் பிள்ளையைத் திருப்பிக் கேட்டீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டு சாட்சி.

பிள்ளையைக் கோர்ட்டில் நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் சொல்வார்கள். உயர் நீதிமன்றத்தில் அப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. குழந்தையை வைத்திருக்கச் சட்டப்படி உரிமை இல்லாதவர் கையில் குழந்தை இருந்தால், அல்லது பால்குடி மறக்காத குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டால் அது வேலை செய்யும். ஏழு வயதுப் பையன் அப்பா வீட்டில் பள்ளிக்குப் போய்க்கொண்டு இருக்கும்போது, "குடும்ப நல நீதிமன்றத்தில் போய்க் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். உங்கள் பணத்தையும் மாதங்களையும் அதில் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

சரி, எந்த மனு, எங்கே?

விவாகரத்து வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று தெரிகிறது. முடிவு செய்ய வேண்டிய அவசரமும் இல்லை. பிள்ளைக்காக மட்டும் தனியாக மனு போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம், 1890 என்று ஒரு பழைய சட்டம். அதன் கீழ் போடும் மனுவைக் கோர்ட் வட்டாரத்தில் 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்பார்கள். எல்லா மதத்தினருக்கும் இது பொது. அதன் கீழ், பையனை உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரிக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். அதோடு சேர்த்து, 12-வது பிரிவின் கீழ் ஓர் இடைக்கால மனுவையும் போடச் சொல்லுங்கள். அசல் மனு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாய்தா எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பையனின் இந்த வருடத்தைத் தீர்மானிக்கப் போவது அந்த இடைக்கால மனுதான். முழுப் பொறுப்பை உடனே தராவிட்டாலும், வாரக்கடைசியில் உங்களிடம் அனுப்ப வேண்டும், தினமும் வீடியோ காலில் பேச விட வேண்டும், காலாண்டு விடுமுறையில் பாதி நாள் உங்களிடம் இருக்க வேண்டும் என்று வாங்கலாம். யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், அம்மா அப்பா இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்றும், நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்கு வீடியோ காலிலாவது பேசும் வசதி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

எந்த ஊர்க் கோர்ட் என்பதில் ஒரு சண்டை வரும், தயாராக இருங்கள். அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றம் என்கிறது. உங்கள் கணவர், "பையன் இப்போது மதுரையில் படிக்கிறான், அங்கே வா" என்பார். நீங்கள், "ஒரு முழுக் கல்வியாண்டு திருப்பூரில் படித்தவன், பத்து நாள் விடுமுறை என்று சொல்லிக் கூட்டிப் போய்த் திருப்பி அனுப்பவில்லை, அதனால் அவன் வழக்கமான இடம் மாறிவிடாது" என்று சொல்ல வேண்டும். பலமான வாதம்தான், ஆனால் அதற்கும் மாதக்கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. ஆகஸ்டில் சொன்னால் எடுபடுவது அடுத்த ஆகஸ்டில் எடுபடாமல் போகலாம். இதற்கு ஆதாரம் பழைய பள்ளியில் இருக்கிறது. நாளைக்கே போய், அவன் ஒன்றாம் வகுப்பு முழுக்கப் படித்ததற்கான சான்று, வருகைப் பதிவு, கட்டிய கட்டணத்தின் ரசீதுகள் எல்லாம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். டி.சி. வாங்கிப் போனார்களா, வாங்கியது யார், எந்தத் தேதியில், பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸ் எந்தப் பள்ளிக்கு மாறியிருக்கிறது என்றும் கேளுங்கள். பத்திரம் எழுதியதற்கு முன்பே, உங்களுக்குத் தெரியாமல் டி.சி. கைமாறியிருந்தால், 'பேசித்தான் முடிவெடுத்தோம்' என்ற அவர் கதை அங்கேயே உடையும். தலைமை ஆசிரியரிடம் கோபப்படாதீர்கள். அப்பா வந்து கேட்டால் டி.சி. கொடுப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த நடைமுறை.

இரண்டு முறை கை நீட்டினார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதற்குத் தனி வழி இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், நீங்கள் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். அதன் 21-வது பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்கவும் உத்தரவு கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் இதற்கு உதவுவார். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, யாரிடமாவது சொன்னீர்களா, மெசேஜ் அனுப்பினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இரண்டு முறை என்றால் இரண்டு முறைதான். வழக்கு பலமாக இருக்கட்டும் என்று யாராவது இருபதாக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் கழன்றால், அதோடு ஒட்டியிருக்கும் உண்மையும் சேர்ந்து போய்விடும்.

வக்கீல் செலவு பற்றிக் கேட்கவில்லை, ஆனால் 14,000 சம்பளத்தில் அந்தக் கவலை இல்லாமல் இருக்காது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் சரியாக நடத்தமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. சிலர் அப்படி இருக்கிறார்கள், காசு வாங்கும் வக்கீல்களிலும் சிலர் அப்படி இருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் காரணம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராக நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வழக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். முதல் சில வாய்தாக்களில் கவுன்சிலிங்குக்கோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். அங்கே பேசுவதை வீணான சடங்காக நினைக்காதீர்கள். பிள்ளையைப் பார்க்கும் நேரம், விடுமுறைப் பங்கீடு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஓர் உருவத்துக்கு வரும். அங்கே பேசி முடிவானதைக் கோர்ட் உத்தரவாக வாங்கிவிடுங்கள். மறுபடியும் நூறு ரூபாய்ப் பத்திரம் வேண்டாம்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி, சம்பளம். அவரிடம் அதிகப் பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பிள்ளையை அவரிடம் விடமாட்டார்கள். பணம் குறைந்தால் அதைத் தர வேண்டியவர் அவர்தானே. நீதிபதி உங்களிடம் கேட்கப்போவது வேறு. ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும்? சீசன் நேரத்தில் ஓ.டி. பார்த்தால் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள்? பள்ளிவிட்டு வரும் பையனுக்குக் கதவு திறக்கப் போவது யார்? வீட்டுப்பாடம் யார் சொல்லித் தருவார்? ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி? உங்கள் அம்மாவின் உடல்நிலை எப்படி? அண்ணனுக்குக் கல்யாணம் ஆனால் அந்த வீட்டில் உங்களுக்கு எத்தனை அறை? கேட்கக் கடுமையாக இருந்தாலும், இதற்கெல்லாம் நேரான பதில் வைத்திருக்கும் அம்மாவுக்கு முன்னால் கடை முதலாளி என்ற பெருமை நிற்காது. கடை வைத்திருப்பவர் ராத்திரி ஒன்பது மணிக்கு முன் ஷட்டரை இறக்குவாரா? அங்கேயும் பையனைப் பார்த்துக்கொள்வது அப்பத்தாதான். அப்படியானால் போட்டி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் மட்டும் நடக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்த அம்மாச்சியா, கடைக்குப் போன அப்பாவுக்குப் பதிலாக அப்பத்தாவா என்று நீதிமன்றம் பார்க்கும். இதை மரியாதையாகச் சொல்லத் தெரிந்த வக்கீல் வேண்டும். அப்பத்தாவை வில்லியாக்கி மனு எழுதுகிறவரைத் தவிர்த்துவிடுங்கள். பையனுக்கு அவர் அப்பத்தாதான், எந்தத் தீர்ப்பு வந்தாலும்.

ஓ.டி. இல்லாத ஷிஃப்ட் தர முடியுமா என்று கம்பெனியில் இப்போதே கேளுங்கள். சூப்பர்வைசர் ஒரு கடிதம் தந்தால் அதையும் ஃபைலில் வையுங்கள். தடுப்பூசி அட்டை, மார்க் ஷீட், பி.டி.ஏ. மீட்டிங்கில் நீங்கள் போட்ட கையெழுத்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், வாட்ஸ்அப்பில் கிளாஸ் டீச்சரோடு பேசியது எல்லாம் அதே ஃபைலுக்குள் போகட்டும். அவர் விவாகரத்துக்கும் நகைக்கும் பேரம் பேசிய மெசேஜ் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். இந்த வழக்கில் உங்கள் பக்கம் இருக்கும் மிகக் கூர்மையான ஆவணம் அதுதான். பிள்ளையைத் திருப்பித் தருவதற்கு விலை சொல்லும் அப்பாவிடம், பிள்ளையின் நலன் எந்த இடத்தில் நிற்கிறது என்று நீதிபதிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பேரத்துக்கு என் பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். பரஸ்பர விவாகரத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, நாளைக்கு உங்களுக்கே அது வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் அது ஒரு தனிக் கணக்கு. நகை உங்கள் சீதனம், அதைக் கேட்பதும் தனிக் கணக்கு. பையனை வாங்குவதற்காக இரண்டையும் விட்டுக்கொடுத்தால், அதன் பிறகும் அவர் பையனை அனுப்பாமல் இருக்கவோ மறுபடியும் கூட்டிப் போகவோ எந்தத் தடையும் இருக்காது. உங்கள் கையிலோ பேச எதுவும் மிச்சமிருக்காது. ஜீவனாம்சத்தையும் இப்போதே கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவை மனதில் வைத்து '125 போடுங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு ஆகிவிட்டது. நீங்கள் வேலைக்குப் போவதால் பாப்பாவுக்கான பங்கு அவர் தலையிலிருந்து இறங்கிவிடாது. ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகையையும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். மனு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ் உங்கள் தலையில்தான்.

ஐந்து வயது மிரட்டல் வெறும் மிரட்டல்தான். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்வது உண்மை. அதைப் படித்துவிட்டு, ஐந்து முடிந்த மறுநாள் குழந்தை அப்பாவுக்குப் போய்விடும் என்று எதிர்ப்பக்கமாக ஒரு விதியை நம் ஆட்களே எழுதிக்கொண்டார்கள். அப்படி இல்லை. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. பாப்பா பிறந்ததிலிருந்து உங்களோடு இருக்கிறாள். ஐந்தாவது பிறந்தநாள் கேக்கை நிம்மதியாக வெட்டலாம்.

கடைசியாக, உங்களை அதிகம் வதைப்பது பையன் போனில் கேட்ட கேள்வி என்று புரிகிறது. நீதிபதி ஒரு நாள் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஏழு வயதில் அது எடை உள்ள விஷயம்தான், முடிவான விஷயம் இல்லை. "அப்பாகிட்டதான் இருப்பேன்" என்று சொன்னாலும் இடிந்துபோகாதீர்கள். விவேக் சிங் எதிர் ரொமானி சிங் என்று 2017-ல் ஒரு தீர்ப்பு. இரண்டு வயது முடியும் முன்பே அம்மாவிடமிருந்து பிரிந்து, அப்பா வீட்டில் வளர்ந்த பெண் குழந்தை அவள். வளர்கிற வீட்டில் அம்மாவைப் பற்றிக் கெட்டதாகவே கேட்டு வளரும் குழந்தையின் மனது எப்படி மாறிப்போகும் என்று விளக்கிவிட்டு, உச்ச நீதிமன்றம் அவளை அம்மாவிடம் ஒப்படைத்தது. இத்தனை வருடம் பழகிவிட்டாள் என்ற காரணம் அங்கே போதவில்லை. பையன் சொன்ன அந்த வாக்கியத்தை, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவனையே பேசச் சொல்லி ரெக்கார்டு செய்யாதீர்கள். "யாருடா அப்படிச் சொன்னது?" என்று துருவவும் வேண்டாம். "அம்மா உன்னை விடலை. நீ லீவுக்குப் போனே, அம்மா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சாப்பாடு?" என்று சொல்லிப் பேச்சை நகர்த்துங்கள். அப்பாவைப் பற்றி அவனிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சு நீதிபதியின் அறை வரைக்கும் அவனோடு போகும்.

பாப்பாவைப் பார்க்க அவர் கேட்டால் மறுக்காதீர்கள். அவர் பையனைக் காட்டவில்லை என்பதற்காக நீங்கள் பாப்பாவைக் காட்டாமல் இருந்தால், இரண்டு பேரும் ஒன்றுதான் என்று கோர்ட் நினைத்துவிடும். கேட்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். கோபமோ கெஞ்சலோ இல்லாமல், ஏறக்குறைய இப்படி: "பாப்பா உங்களையும் அண்ணனையும் கேட்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே வந்து பார்க்கலாம், சாயங்காலம் வரை இருக்கலாம். பையனையும் கூட்டி வாருங்கள். அவன் விடுமுறைக்குத்தான் வந்தான், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் எழுதிய பத்திரத்தில் எனக்குச் சம்மதம் இல்லை." அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்த ஃபைலோடு போங்கள்.